வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிபையரும் உயர் பயனுறுதிறன் ஒலிபெருக்கியும்: பொருத்தம் காணும் முறை

ஒலிபெருக்கி என்பது மின்சக்தியை ஒலிச்சக்தியாக மாற்றும் சாதனம். எனினும் அதற்கு ஊட்டப்படும் மின்சக்தியில் மிகச் சிறு பகுதியே ஒலியாக வெளிப்படுகிறது. எஞ்சியது பெரும்பாலும் கம்பிச் சுருளில் வெப்பமாகக் கழிகிறது. வீடுகளில் வழங்கும் சாதாரண ஒலிபெருக்கிகளில் இப்பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சிலவகை ஒலிபெருக்கிகளில் அது நூற்றுக்கு நான்கு, ஐந்து, ஏன் பத்து வரையிலும் உயர்வதுண்டு. இவற்றையே உயர் பயனுறுதிறன் ஒலிபெருக்கிகள் என்கிறோம்.

பழைய திரையரங்குகளிலிருந்து கழிக்கப்பட்ட பெரிய ஒலிபெருக்கிகள் பள்ளிகளுக்கும் படிப்பகங்களுக்கும் நன்கொடையாக வருவதுண்டு. பெங்களூரில் எஸ்.பி. சாலை எனப்படும் சாதர் பத்ரப்பா சாலையின் மின்னணுக் கடைகளில் உறுப்புகளை வாங்கித் தாமே ஆம்ப்ளிபையர் அமைப்போரும் பலர். ‘பெரிய ஒலிபெருக்கிக்குப் பெரிய ஆம்ப்ளிபையர்’ என்ற பொதுக் கருத்தினால் இவர்கள் 100 வாட், 200 வாட் என்று பணத்தைச் செலவிடுகின்றனர். பின்னர் ஓயாத இரைச்சலும், குமிழைச் சிறிது திருப்பியதும் செவியைத் தாக்கும் ஓசையும் அவர்களுக்குக் கிட்டுகின்றன. பௌதிக வகுப்பில் கற்பிக்கும் எளிய கணக்கு இச்செலவையும் இடரையும் தவிர்க்கப் போதுமானது. அக்கணக்கினை இக்கட்டுரையில் காண்போம்.

பயனுறுதிறனை அளப்பது எங்ஙனம்?

ஒலிபெருக்கிக்கு 1 வாட் மின்திறனை ஊட்டி, அதன் நேர் முன்னே 1 மீட்டர் தொலைவில் ஒலிமட்டத்தை டெசிபெல்லில் அளப்பர். இவ்வெண் அதன் உணர்வுநுட்பம் எனப்படும். 8 ஓம் ஒலிபெருக்கியில் 1 வாட் என்பது 2.83 வோல்ட் ஆகும். விற்பனைத் தாள்களில் பெரும்பாலும் வாட்டைக் கூறாமல் 2.83 வோல்ட் என்றே குறிப்பர். 4 ஓம் ஒலிபெருக்கியில் இதே மின்னழுத்தம் 2 வாட் ஆகிவிடுகிறது. எனவே 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 2.83 வோல்ட்டில் 98 டெசிபெல் எனக் குறித்திருப்பின், 1 வாட்டிற்கு அது 95 டெசிபெல்லே என்பதை மறத்தலாகாது.

முழு மின்சக்தியும் ஒலியாக மாறி, முன்புற அரைக்கோள வெளியில் ஒரே சீராகப் பரவுமானால், 1 வாட்டிற்கு 1 மீட்டரில் ஏறத்தாழ 112 டெசிபெல் கிடைக்கும். டெசிபெல் மடக்கை அளவாதலால், பத்து டெசிபெல் குறைவு என்பது பத்தில் ஒரு பங்கு திறனைக் குறிக்கும். ஆகவே 102 டெசிபெல் என்பது நூற்றுக்கு 10. 92 என்பது நூற்றுக்கு 1. 98 என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 4. 86 என்பது நூற்றுக்குக் கால் பங்கு. 98 டெசிபெல் ஒலிபெருக்கி 86 டெசிபெல் ஒலிபெருக்கியைவிட 16 மடங்கு பயனுறுதிறன் உடையது.

குழாய் ஒலிபெருக்கிகள் ஒலியைக் குறுகிய கோணத்தில் முன்நோக்கிச் செலுத்துபவை. ஆதலால் அவற்றின் நேர்முன் அளவு, உண்மைப் பயனுறுதிறனைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும்.

சுருக்கமான வரலாறு

இயங்கு சுருள் ஒலிபெருக்கியை 1925-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரைஸ், கெல்லாக் இருவரும் வெளியிட்டனர். பேசும் படம் தோன்றிய அந்நாட்களில் வால்வு ஆம்ப்ளிபையர்கள் சில வாட்டுகளையே தந்தன. அச்சிறு திறனால் ஓர் அரங்கத்தையே நிரப்பவேண்டியிருந்ததால், பெரிய குழாய்களைப் பூட்டிய ஒலிபெருக்கிகள் இன்றியமையாதனவாயின. 1946-இல் பால் கிளிப்ஷ் என்பவர் அறையின் மூலையையே குழாயின் தொடர்ச்சியாகப் பயன்படுத்தும் வீட்டு ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தார்.

1954-இல் எட்கர் வில்ச்சூர் முற்றும் அடைத்த சிறு பெட்டியில் ஆழ்ந்த தாழ்சுரங்களை எழுப்பிக் காட்டினார். அதற்கு விலையாகப் பயனுறுதிறன் குறைந்தது. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுரம், உயர்ந்த பயனுறுதிறன் ஆகிய மூன்றில் இரண்டையே ஒருங்கே பெறமுடியும் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி எனப்படுகிறது. டிரான்சிஸ்டர்கள் வந்து வாட்டின் விலை மலிந்தபின், உலகம் சிறிய பெட்டியையே விரும்பியது.

பெங்களூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1954-இல் ஜாலஹள்ளியில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1960-களில் வானொலி வால்வுகளையும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் உற்பத்தி செய்தது. அங்குச் செய்யப்பட்ட இஎல்84 வால்வு, ஒன்றாக இயங்கினால் ஏறத்தாழ 5 வாட்டும், இணையாக இயங்கினால் அமைப்பிற்கேற்ப 10 முதல் 17 வாட்டும் தரவல்லது. இத்திறன் யாருக்குப் போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எத்தனை வாட் வேண்டும்?

பெங்களூரில் 30 அடிக்கு 40 அடி மனையில் கட்டிய வீட்டின் கூடத்தை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் ஒலிபெருக்கிகளிலிருந்து 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி தொலைவில் அமர்ந்திருக்கிறார். இசையின் சராசரி ஒலிமட்டம் 75 டெசிபெல் எனக் கொள்வோம். வீட்டில் நன்றாகவே கேட்கும் அளவு இது.

சராசரியை மட்டும் கருதுதல் போதாது. மிருதங்கத்தின் ஒரு ‘தீம்’ சொல் தம்புராவின் சுருதியைவிடப் பலமடங்கு ஓங்கி எழுந்து நொடிப்பொழுதில் மறைகிறது. மிருதங்கத்தின் தோலிலிருந்து சுருதியோடு இசையும் மேற்சுரங்கள் எழுவதைச் சர் சி.வி. இராமன் 1934-இல் பெங்களூரிலிருந்து விரிவாக வெளியிட்ட கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. அத்தகைய தட்டொலிகள் சிதையாமல் வெளிப்பட, சராசரிக்கு மேல் 20 டெசிபெல் இடம் விடுதல் முறை. எனவே உச்ச அளவு 95 டெசிபெல்.

தொலைவு இரட்டிக்குந்தோறும் நேரொலி 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குச் செல்கையில் குறைவு 9.5 டெசிபெல். இரு ஒலிபெருக்கிகள் சேர்ந்து இயங்குவதால் 3 டெசிபெல் கூடுகிறது. ஆகவே ஒவ்வோர் ஒலிபெருக்கியும் 1 மீட்டரில் தரவேண்டிய உச்ச அளவு:

95 + 9.5 − 3 = 101.5 டெசிபெல்

98 டெசிபெல் ஒலிபெருக்கி எனின், 1 வாட்டிற்கு மேல் 3.5 டெசிபெல் தேவை, அது 2.24 வாட். 86 டெசிபெல் ஒலிபெருக்கி எனின், 15.5 டெசிபெல் தேவை, அது 35.5 வாட். சுவர்களின் எதிரொலி கேட்பவரிடம் மட்டத்தைச் சிறிது உயர்த்துமாதலால், இக்கணக்குத் தேவையைக் குறைத்துக் காட்டாது. பாதுகாப்புக்காக இருமடங்கு எனக் கொண்டாலும், முன்னதற்கு 5 வாட் போதும். பின்னதற்கு 70 வாட் வேண்டும்.

சராசரி மட்டமோ உச்சத்தைவிட 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு, குறைந்தது. ஆகவே 98 டெசிபெல் ஒலிபெருக்கியில் ஒருவர் இசை கேட்கையில் செலவாகும் சராசரித் திறன் 0.022 வாட் மட்டுமே. இவ்வெண்ணை வாசகர் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். பின்வரும் செய்திகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் வாட்டின் தூய்மை

பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர்களில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் கையாளுகின்றன. ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்கும் இடத்தில் சிறு பிசிறு ஏற்படலாம். இதனைக் கடப்புத் திரிபு என்பர். அப்பிசிறின் அளவு ஏறத்தாழ மாறாது நிற்பது. ஆகவே 50 வாட் அலையில் அது கண்ணுக்கே தெரியாது, 0.02 வாட் அலையிலோ குறிப்பிடத்தக்க பங்காகிவிடும். விற்பனைத் தாளில் முழுத்திறனுக்குரிய திரிபு மட்டுமே குறித்திருப்பின், அது நம் கூடத்து நிலைமையைக் காட்டுவதன்று.

இறுதி டிரான்சிஸ்டர்களுக்கு ஓய்வு மின்னோட்டத்தைச் சரியாக அமைத்தல் இதற்குப் பரிகாரம். கருவி நன்கு சூடேறிய பின்னரே இதனைச் சரிபார்த்தல் வேண்டும். ‘ஏ’ வகுப்பு ஆம்ப்ளிபையரில் எந்த உறுப்பும் அலையின் நடுவே ஓய்வதில்லையாதலால், இத்திரிபு எழுவதே இல்லை. அவ்வகுப்பு மிகுந்த மின்சாரத்தை வெப்பமாக்குவது உண்மை. எனினும் 5 வாட், 10 வாட் அளவில் அது தாங்கக்கூடியதே.

இரைச்சல்

பயனுறுதிறன் மிக்க ஒலிபெருக்கி இசையை மட்டுமன்றி ஆம்ப்ளிபையரின் இரைச்சலையும் அதே மடங்கு ஓங்கச் செய்கிறது. 100 வாட் ஆம்ப்ளிபையர் ஒன்றில் இரைச்சல் முழுத்திறனுக்கு 80 டெசிபெல் கீழே எனக் குறித்திருப்பதாகக் கொள்வோம். 8 ஓமில் 100 வாட் என்பது 28.3 வோல்ட். அதற்கு 80 டெசிபெல் கீழே என்பது 2.83 மில்லிவோல்ட். இது 1 வாட் மட்டத்திற்கு 60 டெசிபெல் கீழ். எனவே 98 டெசிபெல் ஒலிபெருக்கி 1 மீட்டரில் 38 டெசிபெல் இரைச்சலை எழுப்பும். அமைதியான இரவில் ஒரு வீட்டறையின் மட்டம் 30 டெசிபெல் அளவில் இருக்கும். ஆகவே இவ்விரைச்சல் தெளிவாகக் கேட்கும். 86 டெசிபெல் ஒலிபெருக்கியிலோ அது 26 டெசிபெல்லாகி மறைந்துவிடும்.

அதே 80 டெசிபெல் விகிதமுடைய 10 வாட் ஆம்ப்ளிபையரைப் பூட்டினால், இரைச்சல் 0.89 மில்லிவோல்ட்டாகவும், 98 டெசிபெல் ஒலிபெருக்கியில் 28 டெசிபெல்லாகவும் குறைகிறது. விகிதம் ஒன்றே, கேட்கும் இரைச்சலோ 10 டெசிபெல் குறைவு. ஆதலின் விகிதத்தை நம்பாமல் மில்லிவோல்ட் அளவைக் கேட்டறிதல் வேண்டும். 98 டெசிபெல் ஒலிபெருக்கிக்கு 0.3 மில்லிவோல்ட்டுக்கு மேற்படாத ஆம்ப்ளிபையர் நன்று.

நம் நாட்டு மின்வழங்கல் 50 சுற்று உடையதாதலால், 50, 100 சுற்றுகளில் எழும் ரீங்காரமும் தொல்லை தரும். இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் இணைப்புப் பெறுவது இதற்கு ஒரு பொதுக் காரணம். அவற்றை ஒரே பலகையிலிருந்து இணைத்துப் பார்க்கவேண்டும். ரீங்காரத்தை ஒழிப்பதற்காக மூன்றுமுனைச் செருகியின் எர்த் முனையை அகற்றுதல் உயிருக்கே ஆபத்தானது. அதனை ஒருபோதும் செய்யலாகாது.

பெருக்கமும் வால்யூம் குமிழும்

குறுந்தட்டுக் கருவி சுமார் 2 வோல்ட் வரை தரும். ஆம்ப்ளிபையர் அதனை 28 மடங்கு பெருக்கினால் 56 வோல்ட் ஆகும். 8 ஓமில் அது 392 வாட்! நமக்கு வேண்டியது 2.24 வாட், அதாவது 4.23 வோல்ட். ஆகவே உள்ளே செல்லவேண்டியது 0.15 வோல்ட் மட்டுமே. எஞ்சியதை வால்யூம் குமிழ்தான் விழுங்கவேண்டும். குமிழ் தொடக்க இடத்தை விட்டு அகலாது. அவ்விடத்தில் இடம், வலம் ஆகிய இரு தடைப்பாதைகளும் ஒத்திராமையால், பாடகர் நடுவிலிருந்து ஒருபுறம் விலகி ஒலிப்பார். விரல் சிறிதே நகர்ந்தாலும் ஓசை தாவும்.

பரிகாரம் எளிது. கருவிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் இடையே ஒவ்வொரு பக்கத்திற்கும் 6.8 கிலோ ஓம் தொடராகவும், அதன்பின் 3.3 கிலோ ஓம் குறுக்காகவும் இணைத்தால், சுமார் 10 டெசிபெல் குறையும். குமிழும் பயன்படும் இடத்திற்கு வந்துவிடும். எனினும் ஆம்ப்ளிபையரின் இறுதிப் பகுதியில் பிறக்கும் இரைச்சலை இது குறைக்காது. ஆதலால் வாங்கும்போதே குறைந்த பெருக்கமுடைய கருவியைத் தேர்தல் மேலானது.

மின்னெதிர்ப்புப் பொருத்தம்

இம்பீடன்ஸ் எனப்படும் மின்னெதிர்ப்பு ஒலிபெருக்கியில் நிலையான எண் அன்று, அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவது. 8 ஓம் எனக் குறித்த ஒலிபெருக்கி சில சுரங்களில் 6 ஓமாகவும், ஒத்ததிர்வு நிலையில் 30 ஓமுக்கு மேலாகவும் இருத்தல் கூடும். பழைய அரங்க ஒலிபெருக்கிகளில் 16 ஓம் வழக்கமானது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையருக்கு இதனால் தீங்கில்லை. 8 ஓமில் 50 வாட் தருவது 16 ஓமில் ஏறத்தாழ 25 வாட் தரும், அவ்வளவே.

வால்வு ஆம்ப்ளிபையரில் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் இப்பொருத்தத்தைச் செய்கிறது. இணை இஎல்84 வால்வுகள் 8,000 ஓம் சுமையை விரும்புவன. ஒலிபெருக்கியோ 8 ஓம். விகிதம் 1,000, அதன் வர்க்கமூலமாகிய 31.6 என்பதே சுற்று விகிதம். 8 ஓம் முனையில் 16 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால், வால்வு 16,000 ஓம் சுமையைக் காணும். ஆதலால் 4, 8, 16 எனக் குறித்த முனைகளில் உரியதையே தேர்க.

இரு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. வால்வு ஆம்ப்ளிபையரை ஒலிபெருக்கி இணைக்காமல் இயக்கினால் டிரான்ஸ்பார்மரில் மிகை மின்னழுத்தம் எழுந்து அது கெடலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையரிலோ வெளியீட்டுக் கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதே கேடு. மேலும் வால்வுக் கருவியினுள் 300 வோல்ட் அளவில் மின்னழுத்தம் உண்டு. சுவிட்சை அணைத்த பின்னும் அது மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். பயிற்சியற்றவர் மூடியைத் திறத்தல் கூடாது.

தணிப்பு

ஆம்ப்ளிபையருக்கும் தன் உள்தடை உண்டு. ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பை அவ்வுள்தடையால் வகுத்து வருவது தணிப்பு எண். உள்தடை 2 ஓமாயின் தணிப்பு எண் 4. அந்நிலையில் மின்னெதிர்ப்பு 8 ஓமிலிருந்து 32 ஓமுக்கு ஏறும் சுரங்களில் ஓசை 1.4 டெசிபெல் உயரும். உள்தடை 0.08 ஓமாயின் இவ்வேற்றம் 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. வலிய காந்தமுடைய சில உயர் பயனுறுதிறன் ஒலிபெருக்கிகளில் தாழ்சுரம் இயல்பாகவே மெலிந்திருக்கும். அவற்றிற்கு 2 ஓம் உள்தடை சிறிது நன்மையும் செய்யலாம். ஏனையவற்றிற்குத் தாழ்சுரம் தளர்ந்து ஒலிக்கும். இதனைக் கேட்டுத்தான் துணிதல் வேண்டும்.

செவியும் அயலாரும்

வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் கேட்பது பெரியோர்க்குப் பாதுகாப்பான எல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 95 டெசிபெல்லில் வாரத்திற்கு ஒன்றேகால் மணி நேரமே. 98 டெசிபெல் ஒலிபெருக்கிகள் இரண்டுக்கு வெறும் 2.24 வாட் தொடர்ந்து ஊட்டினால் நம் கூடத்தில் அந்த 95 டெசிபெல் எட்டிவிடும். 100 வாட் கருவியின் குமிழ் ஒரு சிறுவன் கையில் அகப்பட்டால் விளைவு யாதென எண்ணிப் பார்க்க. இழந்த கேட்புத்திறன் மீள்வதன்று. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குறித்த எல்லைகள் என்பதையும் நினைவிற்கொள்க.

செய்து காணத்தக்க சோதனைகள்

1. உண்மைத் தேவையை அளத்தல்: வழக்கமாக மிக உரக்கக் கேட்கும் நிலையில் வால்யூம் குமிழை நிறுத்துக. கருவியை அணைத்து ஒலிபெருக்கிகளைக் கழற்றுக. வால்வுக் கருவியாயின் அவற்றிற்குப் பதிலாக ஆம்ப்ளிபையரின் முழுத்திறனைத் தாங்கவல்ல 8 ஓம் தடையை இணைக்க. பின்னர்க் குமிழை மாற்றாமல், முழு மட்டத்தில் பதிவான 100 சுற்றுத் தனிச்சுரத்தை இயக்கி, வெளியீட்டு வோல்ட்டை மல்டிமீட்டரால் அளக்க. அதன் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் தேவையான உச்சத் திறன் கிட்டும்.

2. இரைச்சலின் பிறப்பிடம்: இசையை நிறுத்திக் குமிழை மெல்லத் திருப்புக. இரைச்சல் குமிழோடு உயர்ந்தால் அது முன்பகுதியில் பிறப்பது. மாறாது நின்றால் இறுதிப் பகுதியில் பிறப்பது.

3. கடப்புத் திரிபு: தம்புரா ஒலியை மிகத் தாழ்ந்த மட்டத்தில் கேட்க. அதன் கார்வை கரகரத்து ஒலித்தால் ஓய்வு மின்னோட்டத்தைச் சரிபார்க்க.

முடிவுரை

ஒலிபெருக்கிகள் பரவாத நாட்களில், பேரவையில் தம் வாத்தியம் நன்கு கேட்கவேண்டும் என்று மைசூர் டி. சௌடையா வயலினுக்கு மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை வாசித்தார். பெங்களூரு மல்லேசுவரத்தில் 1980-இல் திறக்கப்பெற்ற வயலின் வடிவ மண்டபம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஒலி எழும் இடத்திலேயே அதனைப் பெருக்குவது அவர் கையாண்ட வழி. உயர் பயனுறுதிறன் ஒலிபெருக்கியும் அவ்வழியே செல்கிறது. அதனுடன் இணையவேண்டியது சில வாட்டுகளே உடைய, இரைச்சல் குறைந்த, பெருக்கம் அளவான ஆம்ப்ளிபையர். வாட் எண்ணைப் பார்க்குமுன் உணர்வுநுட்பம், இரைச்சல் மில்லிவோல்ட், மின்னெதிர்ப்பு ஆகிய மூன்றையும் கேட்டறிந்து வாங்குமாறு ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மக்களுக்கு எடுத்துரைப்பாராக.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கண்ட கூடத்தில் 92 டெசிபெல் ஒலிபெருக்கிகள் இருப்பின் ஒவ்வொன்றிற்கும் தேவையான உச்சத் திறன் யாது?

2. 98 டெசிபெல் ஒலிபெருக்கிகளை வகுப்பறையில் 6 மீட்டர் தொலைவில் கேட்பவருக்கு அதே ஒலிமட்டம் தர எத்தனை வாட் வேண்டும்?

3. 5,000 ஓம் சுமை வேண்டும் வால்வுக்கு 8 ஓம் ஒலிபெருக்கியைப் பொருத்தும் டிரான்ஸ்பார்மரின் சுற்று விகிதம் யாது?

விடைகள்: 1. சுமார் 9 வாட். 2. நான்கு மடங்கு, அதாவது சுமார் 9 வாட். 3. 25.